நாலரைக்கு மேற்பட்டவை

மருந்து விழுந்ததும் கண் காந்தியது. காந்துகிறதே என்று நினைப்பதற்குள் மற்றக் கண்ணிலும் ஒரு சொட்டு விழுந்துவிட்டது. "மூடிக்கிடுங்க ஐயா. நான் வந்து சொல்லுத வரைக்கும் திறக்கப்பிடாது," என்று சொல்லி, வழிகிறதைத் துடைத்துக்கொள்ள ஒரு பஞ்சைக் கையில் திணித்துவிட்டு அந்த நர்ஸ் பெண் அடுத்த நாற்காலிக்குப் போனாள். செருப்புச் சத்தம் நகர்ந்து நகர்ந்து வரிசையின் கடைசிவரை போவதை ஆவுடையப்பன் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வரும்போதே பார்த்திருந்தார், கூடம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வயசாளிகள், எல்லாரும் ஒரே சாமியைக் கும்பிடுகிற மாதிரி, பக்கத்தில் பையும் ஃபைலும் வைத்துக்கொண்டு ஒரு மகனோ மகளோ மருமகளோ. இப்போது தானும் அந்த வரிசையில் ஒருவர். பை மட்டும் அவர் மடியிலேயே இருந்தது. சீட்டு எழுதுகிற இடத்தில் "கூட ஆரு வந்திருக்கா?" என்று கேட்டார்கள். யாரும் வரவில்லை என்றதும், "மருந்து விட்டா சாயந்திரம் வரைக்கும் கிட்டத்துல உள்ளது ஒண்ணும் தெரியாதே, எப்படி வீட்டுக்குப் போவிய?" என்றார்கள். ஆட்டோவில் போவேன் என்றார். எந்த ஆட்டோ, என்ன நோட்டு என்று எப்படித் தெரியும் என்று அவர்கள் கேட்கவில்லை, அவராகத்தான் பிறகு நினைத்துக்கொண்டார். மூடின இமைக்குள் சிவப்பாக இருந்தது. மேலே ஃபேன் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் முனகியது. அப்போதுதான் சட்டைப்பையில் தட்டியது. டொக் டொக் என்று, கதவில் விரலை மடக்கித் தட்டுகிற மாதிரி இரண்டே தட்டு. கை தன்னால் போய் ஃபோனை எடுத்துவிட்டது. இமை தன்னால் பிரிந்தது. வெளிச்சமாக ஒரு சதுரம், அதன்மேல் எறும்புச் சாரை போல ஏதோ. எழுத்து என்று தெரிந்தது, என்ன எழுத்து என்று தெரியவில்லை. கைநீளத்துக்கு விலக்கிப் பார்த்தார், மூக்குக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார், பிறகு திருட்டுத்தனம் செய்தவர் மாதிரி மூடிக்கொண்டார். எங்கேயோ பூமி ஆடியிருக்கிறது. எங்கே என்பது அவர் உள்ளங்கையில் இருக்கிறது.

எங்கேயாவது ஆடிக்கொண்டேதான் இருக்கும். குரு சொன்னது அது. குமரகுரு, ஒரே மகன், ஜப்பானில் சென்டாய் என்ற ஊரில் வேலைக்குச் சேர்ந்து முதல் முறை லீவில் வந்திருந்தபோது கோமதி அவனைத் தின்னவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள், அங்கே எப்போது பார்த்தாலும் ஆடுமாமே, கட்டில் ஆடுமா, அடுப்பு ஆடுமா, நீ அந்த நேரம் என்ன செய்வாய் என்று. அவன் தோசையைப் பிய்த்தபடி சிரித்தான். "அங்க மட்டும் இல்லம்மா, உலகம் பூரா ஆடிக்கிட்டுதான் இருக்கு. நமக்குத் தெரியாம கருவிக்கு மட்டும் தெரியுததையும் சேத்தா ஒரு நாளைக்கே ஆயிரக்கணக்கு. ரிக்டர் அளவுல நாலுக்கு மேலன்னு எடுத்தா நாளைக்கு முப்பது நாப்பது. அஞ்சுக்கு மேல நாலஞ்சு. ஆறு வாரத்துக்கு ரெண்டு மூணு. ஏழு மாசத்துக்கு ஒண்ணு. எட்டு வருசத்துக்கு ஒண்ணு வந்தா உண்டு. பெரும்பாலும் நடுக்கடல்ல, மீனுக்குக்கூடத் தெரியாது." ஆறுதலுக்குத்தான் சொன்னான். அதிகமாக நடக்கிற எதற்கும் பயப்பட வேண்டியதில்லை என்பது அவன் கணக்கு. கோமதி தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள். "அப்போ பூமாதேவிக்கும் என்னைய மாதிரி மூட்டு நோவுதான். ஒரு பக்கமாப் படுக்க முடியல, பொரண்டுக்கிட்டே கெடக்கா பாவம்," என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள். தோசை கருகியது. கருகின வாசனை இப்போதும் மூக்கில், இல்லை, இது மருந்து வாசனை, கண்ணில் விட்டது தொண்டைக்கு இறங்கிக் கசக்கிறது. சிரித்து முடித்த பிறகும் அவளுக்குப் பயம் தீரவில்லை. கை கழுவிக்கொண்டிருந்தவனிடம் போய், "இந்த வருசத்து எட்டு வந்துட்டாடா?" என்று மெதுவாகக் கேட்டாள். வந்துவிட்டிருந்தால் நிம்மதி என்பது போல. வந்துட்டும்மா, எங்கேயோ தள்ளி வந்துட்டு என்று அவன் சொன்னது பொய்யாகத்தான் இருக்கும். ஊருக்குப் புறப்படுவதற்கு முன்னால் அப்பாவின் ஃபோனில் இந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தான். நாலரைக்கு மேல் எங்கே வந்தாலும் தட்டும். "அம்மாட்ட காட்டாதீங்க. இது தட்டி, நான் ஃபோனும் எடுக்கலைன்னா மட்டும் கவலைப்படுங்க, அதுவரைக்கும் வேண்டாம்."

உலகம் பூராவும் தட்டினால் ஒரு நாளைக்கு இருபது தரமாவது தட்டும். சிலி, இந்தோனேசியா, அலாஸ்கா, ஊரா கடலா என்று தெரியாத பெயர்கள். சோற்றில் கை வைத்தால் தட்டும், கோயிலில் கண்ணை மூடினால் தட்டும். கோமதி போன பிறகு, வீட்டில் வேறு சத்தமில்லாமல் போன பிறகு, இது பொறுக்க முடியாமல் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து ஜப்பான் மட்டும் தட்டுகிற மாதிரி மாற்றி வைத்தார். அப்புறம் சில நாளைக்கு ஒன்றுமே தட்டவில்லை. ஃபோன் செத்துவிட்டதோ என்று எடுத்து எடுத்துப் பார்த்தார், தன் வீட்டு நம்பரிலிருந்து தானே கூப்பிட்டுப் பார்த்தார். அந்த அமைதி தட்டலைவிட மோசமாக இருந்தது. திரும்பவும் உலகத்தைப் போடச் சொன்னார். பையன் ஒரு மாதிரி பார்த்தான். அவனுக்கு என்ன சொல்வது? ஜப்பானில் ஆடினால்தான் தன் மகனோடு ஒரு வார்த்தை பேச முடியும் என்றா? அப்படித்தான் ஆகிவிட்டது. சென்டாய்க்குப் பக்கத்தில் எங்கேயாவது நாலரை, நாலே முக்கால், ஐந்து என்று வரும். அவர் 'நலமா' என்று அனுப்புவார். கொஞ்ச நேரத்தில் 'நலம்' என்று வரும். இரண்டு வருஷமாக அவ்வளவுதான். கையில் ஒரு காரணம் இல்லாமல் ஒருவன் வாசலில் போய் நிற்க முடியாது, அது மகன் வாசலாக இருந்தாலும். முதலில் சென்டாய்க்குப் பக்கத்தில் வந்தால் மட்டும் கேட்டார். பிறகு சென்டாய் இருக்கிற தீவின் தென்கோடியில் வந்ததற்குக் கேட்டார். பிறகு வடக்குத் தீவுக்கு. ஒருமுறை தைவானில் வந்ததற்குக் கேட்டுவிட்டார். மறுநாள் பதில் வந்தது. 'அது தைவான் அப்பா. நலம்.' அதில் அப்பா என்று ஒரு சொல் அதிகமாக இருந்ததை அன்று முழுக்க வைத்துக்கொண்டிருந்தார். ஒரு சாயங்காலம் பெரிதாகவே வந்தது, ஏழுக்குக் கிட்டே, சென்டாய்க்கு நேர் கிழக்கே கடலில். தட்டியதும் எடுத்துப் படித்தார். நெஞ்சில் முதலில் எழுந்தது பயமில்லை. தபால்காரன் தெருவில் திரும்பினால் எழுமே, அது. அதற்கு அப்புறம்தான் பயம். பதில் வருவதற்குள் விளக்கு வைக்கிற நேரம் தாண்டிவிட்டது, அதுவரைக்கும் கோமதியின் படத்துக்கு முன்னால் நின்று இனிமேல் எதையும் எதிர்பார்க்க மாட்டேன், அங்கே ஒரு இலைகூட அசைய வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். 'நலம்' என்று வந்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, மறுபடி எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டார். ஏழு வேண்டாம், ஆறும் வேண்டாம். ஒரு நாலரை. யாருக்கும் ஒன்றும் ஆகாமல், ஓடு கூட விழாமல். இப்படிப் பேரம் பேசுகிற தகப்பன் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? அதற்கும் யாராவது கணக்கு வைத்திருப்பார்களா?

"இன்னொரு சொட்டு ஐயா. மேல பாருங்க." திரும்பவும் காந்தல். "கண்ணுமணி விரியவே மாட்டேங்குதே ஒங்களுக்கு. சர்க்கரை இருக்கா?" இருக்கு என்றார். "ஆபரேசன்னு டாக்டர் சொல்லிட்டா அன்னைக்கும் இப்படித் தனியா வந்து நிக்கப்பிடாது, கேட்டியளா? கையெழுத்துப் போட ஆள் வேணும். பிள்ளைய இல்லையா?" ஒரு பையன், ஜப்பானில் என்றார். "அது சரி," என்றாள் அவள். எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று முகத்தைப் பார்க்காமல் தெரியவில்லை.

குருவுக்குச் சொல்ல வேண்டிய விஷயமா இது? புரை. எல்லாருக்கும் வருவது. வெளியூரில் இருக்கிற பிள்ளையிடம் உடம்பு விஷயம் சொல்கிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது, அந்தத் தெருவிலேயே கிடையாது. நல்லது மட்டும் போகும், கெட்டது முடிந்த பிறகு போகும். அவர் அப்பாவுக்கு முடியாமல் இருந்ததைப் பம்பாயில் இருந்த பெரியப்பாவுக்குக் காரியம் முடிந்து கடிதம் எழுதித்தான் சொன்னார்கள், பெரியப்பா அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, அவரும் பம்பாயிலிருந்து அப்படித்தான் செய்திருப்பார். கோமதிக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்த அன்று, பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் சொன்ன முதல் பேச்சு, "அவனுக்குத் தெரிய வேண்டாம்." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அங்க பூமி ஆடி ஆடிப் பாதி நாள் உறக்கம் கெட்டுக் கெடக்கான். நாம வேறயா?" ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் கூப்பிடுவான். அவள் முகத்தைக் கழுவிப் பொட்டு வைத்து, நல்ல சேலையை மேலே சுற்றிக்கொண்டு, கழுத்து எலும்பு தெரியாமல் ஃபோனைப் பிடிக்கச் சொல்வாள். மெலிஞ்ச மாதிரி இருக்கியேம்மா என்பான். "நடக்கச் சொல்லியிருக்காவடா, சர்க்கரைக்கு. நடந்து நடந்து இப்படி ஆயிட்டேன்," என்பாள். ஃபோனை வைத்த பிறகு அப்படியே சாய்ந்துவிடுவாள். அவர் சேலையை அவிழ்த்து மடித்து வைப்பார். அந்தச் சேலை, கத்திரிப்பூக் கலர், மடிக்க மடிக்க வழுக்கும், ஒரு முனையைத் தாடையில் கவ்விக்கொண்டுதான் மடிக்க வேண்டும். எட்டு மாதம் அப்படி மடித்தார். ஒரு வியாழக்கிழமை விடியும்போது அவள் போய்விட்டாள். குருவைக் கூப்பிட்டார். அவன், "எப்படி? நல்லாத்தானே இருந்தா?" என்றான். பிறகு, "நான் சனிக்கிழமை மத்தியானம் வந்திருவேன். வச்சிருங்க," என்றான். வச்சிருங்க. ஐஸ் பெட்டி வந்து நடுக்கூடத்தில் இறங்கி, கரண்டு கொடுத்து, உர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது. வைத்திருக்க முடியும். ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் தம்பி சிதம்பரமும் பெரியவர்களும் கூடி உட்கார்ந்துவிட்டார்கள். சனிக்கிழமை எடுப்பதாவது. வீட்டுக்கு ஆகாது, தெருவுக்கு ஆகாது, சனிப் பிணம் துணை தேடும், அப்படியே எடுத்தாலும் பாடையில் ஒரு கோழியைக் கட்டித்தான் விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் நாலு நாள், அது இன்னும் மோசம். "அண்ணே, பிள்ளை வந்து பாத்தா மட்டும் மதினி எந்திரிச்சா வரப் போறா? என் பையன் பாலு இருக்கான். அவனும் மகன் முறைதானே?" சிதம்பரம் கெட்டவன் இல்லை. பாலுவும் நல்ல பிள்ளை, கொள்ளிக் குடத்தோடு சுற்றும்போது அழுதான். ஆவுடையப்பன் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், கோழியைக் கட்டுங்கடா என்று. கோழி என்ன பெரிய கோழி. சொல்ல வாய் வந்தது. கூடத்தில் அத்தனை பேர், பெட்டி உர்ர் என்று ஓடிக்கொண்டே இருந்தது, சரி என்று சொல்லிவிட்டார். மறுநாள் மத்தியானம் குரு வந்து இறங்கியபோது கூடத்தை இன்னொரு தரம் கழுவிவிட்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்று, பெட்டி இருந்த இடத்தில் ஈரம் காயாமல் இருந்ததைப் பார்த்தான். பதினாறாம் நாள் வரைக்கும் இருந்தான். கேட்டதற்குப் பதில் சொன்னான். புறப்படுகிற அன்று, டாக்சியில் பெட்டியை ஏற்றிவிட்டு, திரும்பி வந்து படியில் நின்று, கோபமில்லாமல், ஏதோ கணக்குப் புரியாதவன் கேட்கிற மாதிரிச் சொன்னான். "அங்க ஒரு டம்ளர் ஆடினாக்கூட ஃபோன் போட்டுக் கேப்பிய. இங்க எட்டு மாசமா நடந்தத ஒரு நாள் சொல்லலியேப்பா." பாலு கொள்ளி வைத்ததைச் சொல்லவில்லை. சனிக்கிழமையைச் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் பதில் வைத்திருந்தார், சிதம்பரம், பெரியவர்கள், தெரு என்று. டம்ளர். ஆமாம், கேட்பார். எது விழுந்தது, எது உடைந்தது, மேஜைக்கு அடியில் போனாயா என்றெல்லாம் அப்போது கேட்பார். இப்போது நலமா.

டொக் டொக்.

பக்கத்து நாற்காலியில் யாரோ நகர்ந்தார்கள். "அண்ணாச்சி, ஒங்க ஃபோன்தான் தட்டுது. முதல்லயும் தட்டிச்சு. அவசரமா ஆரும் கூப்பிடுதாவளோ என்னமோ." பெண் குரல், ஐம்பது வயது இருக்கலாம். அவளாகவே சொன்னாள், பெயர் ஜெசிந்தா, மாமியாரை உள்ளே கூட்டிப் போயிருக்கிறார்கள், மாமியாருக்குக் கண் தெரியவில்லையே தவிர வாய் நன்றாகத் தெரியும். "தனியா வந்தியளா? அந்தப் பிள்ள கேட்டுக்கிட்டு இருந்துச்சு."

"ஆமா," என்றார். பிறகு, கேட்கலாமா என்று யோசித்து, ஃபோனை அந்தக் குரல் இருந்த பக்கம் நீட்டினார். "அது எங்கன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்கம்மா."

"எது எங்க?"

"பூமி அதிர்ச்சி. மேல எழுதியிருக்கும்."

கிண்டலா என்று முகத்தைப் பார்க்கிறாள் போலிருந்தது. பிறகு எழுத்துக் கூட்டினாள். "அஞ்சு புள்ளி ஒண்ணு. பிஜி தீவுக்குத் தெக்க. முதல்ல வந்ததும் அங்கனதான், அஞ்சு புள்ளி மூணு. பிஜியில ஆரு அண்ணாச்சி இருக்கா?"

பிஜியில் யாரும் இல்லை. பிஜிக்குத் தெற்கே மீன்தான் இருக்கும். "பையன் ஜப்பான்ல இருக்கான்."

"ரெண்டும் பக்கம் பக்கமா?"

"இல்லம்மா. ரொம்பத் தூரம்."

"தூரமோ பக்கமோ, ஒரு வார்த்தை கேட்டுற வேண்டியதுதானே. எங்க வீட்டுக்காரரு துபாய்ல இருக்கச்ச பம்பாய்ல குண்டு வெடிச்சதுக்குக் கேட்டவ நான்." அவள் சிரித்தாள். "ஒங்களுக்குத்தான் இப்போ தெரியாதுல்லா. சொல்லுங்க, நான் போடுதேன். பேரு என்ன?"

குமரகுரு என்றார். சொன்ன பிறகு வேண்டாம் என்று சொல்ல நினைத்தார். தைவானுக்கே ஒரு நாள் ஆயிற்று. பிஜிக்கு என்ன சொல்வான்? அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைப்பான். நினைக்கட்டும், நினைத்தாலாவது. அவள் ஏதோ தள்ளித் தள்ளிப் பார்க்கிற சத்தம் கேட்டது, நகம் கண்ணாடியில் படுகிற சத்தம்.

"என்ன அண்ணாச்சி இது, நலமா, நலம், நலமா, நலம்னு. தந்தியாபீசு தோத்துது போங்க. பெத்த பிள்ளைட்ட வேற ஒண்ணும் கேக்கதுக்கு இல்லையா?" கேலியாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. இன்னும் மேலே தள்ளிப் பார்த்திருப்பாள். "நான் என்ன போட?"

"எப்பவும் போடுததுதான்."

அனுப்பிவிட்டேன் என்றாள். மாமியாரைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினாள், பாதியில் நிறுத்திவிட்டாள். இரண்டு பேரும் ஃபேன் முனகுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே இப்போது மத்தியானம் தாண்டியிருக்கும், ஆபீசில் இருப்பான், மேஜையில் ஃபோனைக் கவிழ்த்து வைத்திருப்பான். பார்க்க மாட்டான். ராத்திரிதான் பார்ப்பான். அதற்குள் கண் தெளிந்துவிடும், தானே படித்துக்கொள்ளலாம். ஆனால் உடனே மணி அடித்த மாதிரி டிங் என்றது. இந்தச் சத்தம் வேறு.

"வந்துட்டு," என்றாள் ஜெசிந்தா. அவளுக்கே சந்தோஷம் போல. பிறகு படித்தாள், ஒவ்வொரு சொல்லாக, பள்ளிக்கூடத்தில் படிக்கிற மாதிரி. "'இன்னைக்கு இங்க ஒண்ணும் ஆடலையே.' அவ்வளவுதான் போட்டிருக்காரு. என்ன எழுத?"

என்ன எழுதுவது? சும்மாதான் என்று எழுதலாம். தெரியாமல் கை பட்டுவிட்டது என்று எழுதலாம், அது நல்ல பதில், யாருக்கும் சிரமமில்லாத பதில். நான் சௌக்கியம் என்று எழுதலாம். கோமதி அதைத்தான் சொல்லியிருப்பாள், சேலையை இழுத்து மூடிக்கொண்டு. வாய் அந்தச் சொல்லுக்குத் தயாராகிவிட்டது, நாக்கு மேலே போய்த் தொட்டுவிட்டது. இத்தனை காலம் சொன்ன சொல், அதற்கு யோசிக்க வேண்டியதில்லை. இமைக்குள் தண்ணீர் நிறைந்து கன்னத்தில் இறங்கியது. மருந்துதான். பஞ்சு எங்கே போயிற்று என்று மடியில் தடவினார்.

"அண்ணாச்சி?"

"எழுதுங்க," என்றார். "கண் ஆஸ்பத்திரியில இருக்கேன். புரைன்னு சொல்லுதாவ. மருந்து விட்டிருக்கு. நீ எழுதுததை என்னால வாசிக்க முடியல, பக்கத்துல உள்ளவங்க வாசிச்சுச் சொல்லுதாங்க." பஞ்சு கையில் அகப்பட்டது. "தனியாத்தான் வந்தேன்னு எழுதுங்க."

நகச் சத்தம் நெடுநேரம் கேட்டது. நடுவில் ஒருமுறை, "புரைக்கு ரகரம் எது, நான் இங்கிலீஷ் மீடியம் அண்ணாச்சி," என்றாள், அவர் சொன்னார். "போயிட்டு," என்றாள். பிறகு, "பாத்துட்டாரு. டிக்கு நீலமாயிட்டு."

ஆவுடையப்பன் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். சொல்லியிருக்க வேண்டாம். ஆபீசில் இருக்கிற பிள்ளை. அவனுக்கு என்ன செய்ய முடியும், அங்கிருந்து? இதைத்தானே கோமதி... இப்போது அவன் என்ன முகத்தோடு அதைப் பிடித்துக்கொண்டிருப்பான்? அந்த முகம் நினைவுக்கு வரவில்லை. கடைசியாகப் பார்த்த முகம் வாசல்படியில் நின்றது, அதுவும் இப்போது கலங்கித்தான் தெரிந்தது, எறும்புச் சாரை போல.

"எழுதுதாரு அண்ணாச்சி," என்றாள் ஜெசிந்தா. "டைப்பிங்னு வருது." அவர் காத்திருந்தார். "நிறுத்திட்டாரு."

உள்ளிருந்து அந்த நர்ஸ் பெண்ணின் குரல், "ஆவுடையப்பன் ஐயா, வாங்க, டாக்டர் கூப்பிடுதாரு." யாரோ இருமினார்கள். ஒரு கைத்தடி தரையில் விழுந்து உருண்டது.

"மறுபடி எழுதுதாரு. நிறைய எழுதுவாரு போல, நிக்கவே மாட்டேங்குது." பிறகு, "ஐயோ, அழிச்சிட்டாரு போல. ஒண்ணும் வரல."

"ஆவுடையப்பன் ஐயா!"

அவர் எழுந்திருக்கவில்லை. குரல் வந்த திசையில் ஒரு கையை மட்டும் தூக்கி, கொஞ்சம் பேசாமல் இருங்கள் என்பது போலக் காட்டினார். கூடத்தில் அவ்வளவு பேர் இருந்தார்கள், எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள், ஒருவரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். பக்கத்தில் ஜெசிந்தா மூச்சு விடுவது கேட்டது.

"எழுதுதாரு," என்றாள்.